கணக்குக் காட்டாத கல்வி

தியானப் பகுதி: எரேமியா 22:1-5, 29, அப்போஸ்தலர் 5:34-39, 7:58



கடந்த மாதம் என் கைப்பேசிக்கு ஒரு கட்டுரை வந்தது. பதினான்கு பக்கங்கள். அனுப்பியவர் இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர். என்னைவிடப் பன்மடங்கு கற்றவர். முனைவர் பட்டம் பெற்றவர். நான் கிரேக்க வினைச்சொற்களில் தடுமாறிக்கொண்டிருந்த நாட்களில் விளக்கு அணையும் வரை என் அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தவர் அவரே. அக்கட்டுரை நம் நாட்டு இஸ்லாமியரைப் பற்றியது. அவர்கள் இத்தேசத்துக்கு உரியவர்கள் அல்லர், அவர்களை வரம்புக்குள் வைக்கும் பெரும்பான்மையோரின் முயற்சிக்குக் கிறிஸ்தவர்கள் துணை நிற்பது வேதத்துக்கு ஒத்தது என்பது அதன் வாதம். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை மேற்கோள்கள், மூலமொழிச் சொல்லாராய்ச்சி, நாற்பதுக்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகள். அடுத்த வட்டார ஆயர் கூடுகையில் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டிருந்தார்.

நான் வாசித்துக் காட்டவில்லை. மறுத்தும் எழுதவில்லை. கைகூப்பும் படம் ஒன்றை அவருக்கு அனுப்பிவிட்டு, மாலை ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். இந்த வாரச் சிந்தனை அந்தக் கைகூப்பலுக்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுப்பு அறியாமையின் பிள்ளை என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். படிப்பு வந்தால் பகை போகும் என்று பள்ளி ஆண்டுவிழாக்களில் நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அது பாதி உண்மை, ஆகவே ஆபத்தானது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் நகரத்தின் புறத்தே வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் பதினைந்து பேர் கூடி, ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிக்கும் ஏற்பாடுகளை ஒழுங்குபடுத்தினார்கள். அந்தப் பதினைந்து பேரில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கிழக்குப் பகுதியில் யூதர்களைச் சுட்டுத் தள்ளிய படைப்பிரிவுகளுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய எர்ன்ஸ்ட் பீபர்ஷ்டைன், அதற்கு முன் லூத்தரன் சபையில் பிரசங்க பீடத்தில் நின்ற போதகர். தெருவில் கல்லெறிந்தவன் படிக்காதவனாக இருந்திருக்கலாம். எந்த வீட்டின்மேல் எறிய வேண்டும், ஏன் எறிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் படித்தவன்.

என் மேசைக்கு மேலே உள்ள அலமாரியில் பத்துப் பெரிய தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொற்களின் இறையியல் அகராதி அது. ஓய்வுபெற்ற மூத்த ஆயர் ஒருவர் எனக்குக் கொடுத்துச் சென்றது. ஆங்கில வழியில் இறையியல் பயின்ற நம்மவர் யாரும் ‘கிட்டல்’ என்ற பெயரை உச்சரிக்காமல் கல்லூரியைவிட்டு வெளியேறியிருக்க மாட்டார்கள். “கிட்டல் என்ன சொல்கிறார், பார்த்தாயா?” என்று பேராசிரியர் கேட்டால் அதற்குமேல் வாதம் கிடையாது. கிட்டல் வேறு என்னென்ன சொன்னார் என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

கெர்ஹார்ட் கிட்டல் 1888-ல் பிறந்தவர். தந்தை ருடால்ஃப் கிட்டல், எபிரெய வேதாகமத்தின் புகழ்பெற்ற ஆய்வுப் பதிப்பை உருவாக்கியவர். மகன் புதிய ஏற்பாட்டின் யூதப் பின்னணியை ஆராய்வதில் தேர்ந்தவர். யூத அறிஞர்களோடு சேர்ந்து உழைத்தவர். இயேசுவின் நீதிபோதனைகள் யூத மண்ணில் வேரூன்றியவை என்று 1920-களில் நேர்மையாக எழுதியவர். அப்படிப்பட்டவர் 1933 மே மாதம் ஹிட்லரின் கட்சியில் சேர்ந்தார். யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஜூன் முதல் நாள் ட்யூபிங்கனில் யூதர் பிரச்சினை என்ற தலைப்பில் சொற்பொழிவாற்றினார். அது நூலாகவும் வெளிவந்தது. மேற்சொன்ன அகராதியின் முதல் தொகுதி வெளியானதும் அதே 1933-ல்தான். ஒரே மேசை, ஒரே பேனா.

அந்தச் சொற்பொழிவின் நடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் கூச்சலிடவில்லை. பேராசிரியருக்கே உரிய நிதானத்தோடு நான்கு வழிகளை வரிசைப்படுத்துகிறார். யூதர்களை அழித்துவிடுவது ஒன்று. பாலஸ்தீனத்துக்கு அனுப்பிவிடுவது இன்னொன்று. மற்றவர்களோடு கரைத்துவிடுவது மூன்றாவது. குடியுரிமை இல்லாத விருந்தாளிகளாக ஒதுக்கி வைப்பது நான்காவது. முதல் வழியை அவர் தள்ளிவிடுகிறார். எதனால்? அவர் அங்கே முன்வைக்கும் காரணம் சீனாய் மலைக் கற்பனையை நாடியதல்ல, காரியசித்தியை நாடியது. முற்காலங்களில் செய்து பார்த்தும் கைகூடவில்லை, இனியும் கைகூடாது என்கிறார். பின்பு நான்காவது வழியைத் தெரிந்துகொள்கிறார்.

பிரியமானவர்களே, ஒரு ஜனத்தைக் கொன்றுவிடுவதை ஆலோசனைக்குரிய ஒரு வழியாக மேசைமேல் வைத்து, ‘இது நடைமுறைக்கு ஒவ்வாது’ என்று குறிப்பெழுதிப் பக்கத்தைப் புரட்டுகிறானே, அந்த நிமிடத்திலேயே அவன் கல்வி அவனைக் கைவிட்டுவிட்டது. நடைமுறைக்கு ஒத்ததாக ஆக்கிக் காட்ட ஒன்பது ஆண்டுகளுக்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். கிட்டல் யாரையும் கொல்லவில்லை, அது மெய். கேட்கக்கூடாத கேள்வியை மரியாதையுள்ள கேள்வியாக மாற்றிக் கொடுத்தார். கூலிக்கு அடியாள் எங்கும் கிடைப்பான். மரியாதையைக் கற்றவன்தான் கொடுக்க முடியும்.

வேடிக்கை ஒன்றும் உண்டு, சிரிக்க முடியாத வேடிக்கை. அந்நூலின் பிரதியை அவர் யூத அறிஞர் மார்ட்டின் பூபருக்கே அனுப்பிவைத்தார், அவர் ஒத்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்போடு! பூபர் வெளிப்படையான கடிதமாகவே மறுமொழி எழுதினார். தன் கருத்து ஒருவனை எவ்வளவு காயப்படுத்தும் என்பதுகூடத் தெரியாத அளவுக்குப் படிப்பு ஒரு மனிதனை உணர்வற்றவனாக்க முடியும்.

அந்த நூலில் நம் தமிழ்ச் சபைக்குச் சுருக்கென்று தைக்கும் ஓரிடம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற யூதர் கிறிஸ்துவுக்குள் சகோதரரே, ஆயினும் அவர்களுக்குத் தனிச் சபை இருப்பதே நல்லது என்கிறார் கிட்டல். தனிச் சபை, தனி வரிசை, தனிப் பாத்திரம், தனிக் கல்லறை. இந்தச் சொற்களை நாம் எங்கே கேட்டோம்? ஜெர்மனியிலா கேட்டோம்?

திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரவுலை நம்மில் பலர் நன்றியோடு நினைக்கிறோம். லைப்சிக் மிஷனின் இயக்குநர். 1849 முதல் 1853 வரை நம் நாட்டுப் பக்கம் பயணம் செய்தவர். தமிழ் இலக்கியத்தை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திய பெரும் அறிஞர். சபைக்குள் சாதி பாராட்டும் விவகாரம் வந்தபோது, அது சமூக வழக்கம்தான், சபை அதை உடனே அறுத்தெறிய வேண்டியதில்லை, மெல்ல மெல்லத் தானே கரையும் என்று அவர் வாதிட்டார். அவரைக் கிட்டலோடு ஒரே தட்டில் வைக்க நான் துணியவில்லை, அது அநீதி. ஆனால் அந்த ‘மெல்ல மெல்ல’ என்ற சொல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. யாருடைய தோளின்மேல் அது ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது, ஊருக்கும் காலனிக்கும் நடுவே நடந்து ஊழியம் செய்யும் என்னைப் போன்ற கிராமத்துப் போதகனுக்குத் தெரியும். அறிஞர் எழுதிவைத்த ஓர் இணைப்புச் சொல் எளியவன் முதுகில் எத்தனை தலைமுறை சுமை!

கிட்டல் தனி ஆள் அல்லர். அவரிடம் உதவியாளராக இருந்த வால்ட்டர் குருண்ட்மன், யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர், ஜெர்மன் சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கைத் துடைத்தெறிவதற்கென்றே ஐசனாக்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தை 1939 மே மாதம் தொடங்கினார். தொடக்கவிழா நடந்தது வார்ட்பர்க் கோட்டையில். மார்ட்டின் லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தாரே, அதே கோட்டையில். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் தன் சொந்தப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. யூத வாடை வீசிய பகுதிகள் நறுக்கப்பட்டிருந்தன. இயேசு யூதரல்லர் என்று நிலைநாட்டக் குருண்ட்மன் ஒரு நூலே எழுதினார். போருக்குப் பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது என்கிறீர்களா? கிழக்கு ஜெர்மனியில் சபைக்குப் போதிக்கும் பணி கிடைத்தது. சுவிசேஷங்களுக்கு விளக்கவுரை எழுதினார். கம்யூனிச அரசின் இரகசியக் காவல்துறைக்கும் தகவல் கொடுத்து வந்தார். பீடம் மாறியது, முழங்கால் மாறவில்லை.

நம் பக்கத்து மண்ணை மிதித்துச் சென்ற ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. யாக்கோப் வில்ஹெல்ம் ஹவர், பாசல் மிஷனின் ஊழியராக 1907-ல் மலபாருக்கு வந்தவர். மீனும் கஞ்சியும் உண்டு வாழ்ந்த ஏழைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தவர் 1911-ல் திரும்பிச் சென்று, சமஸ்கிருதமும் சமய வரலாறும் கற்று, 1927-ல் ட்யூபிங்கனில் பேராசிரியரானார். 1933-ல் கிறிஸ்தவத்தையே அந்நியச் சரக்கு என்று ஒதுக்கி, ஜெர்மானிய விசுவாச இயக்கத்தைத் தொடங்கினார்; ஹிட்லரின் எஸ்.எஸ். படையிலும் சேர்ந்தார். பகவத்கீதையை ஆரிய இனத்தின் போர்த் தத்துவமாக விளக்கி எழுதினார். கீதையை நெஞ்சாரப் படிக்கும் என் அயலகத்தார் பலர் உண்டு. அவர்கள் அதில் இதைக் கண்டதில்லை.

நம் வீட்டுக் குப்பையைக் காட்டிவிட்டதால் மற்றதையும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மாதவ சதாசிவ கோல்வால்கர் விலங்கியல் கற்றவர். சென்னைக்கும் வந்து கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிய ஆய்வில் சிலகாலம் ஈடுபட்டவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அங்கே மாணவர்கள் அழைத்த ‘குருஜி’ என்ற பெயரே கடைசிவரை நிலைத்தது. ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தின் இரண்டாம் தலைவராவதற்கு முந்தைய ஆண்டான 1939-ல் அவர் பெயரில் வந்த தேசியம் பற்றிய நூல், யூதர்களைத் துடைத்தெறிந்த ஜெர்மனியின் இனப்பெருமிதத்தில் இந்துஸ்தானம் கற்கத்தக்க பாடம் உண்டு என்றது. இங்குள்ள மாற்றுச் சமயத்தார் கீழ்ப்பட்டு, குடியுரிமையைக்கூடக் கோராமல் வாழலாம் என்றும் சொன்னது. அந்நூல் தங்கள் கொள்கை அல்ல என்று பின்னாளில் அவ்வியக்கத்தார் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும். கிட்டலின் நான்காவது வழியும் இதுவும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதை நீங்களே கவனியுங்கள். ஒருவர் கிரேக்கம் கற்றவர், மற்றவர் மீன்களைக் கற்றவர். இருவரும் அயலானுக்குக் கண்ட இடம் ஒன்றே: திண்ணை.

என் நண்பரின் கட்டுரையும் அதே திண்ணையைத்தான் காட்டுகிறது. நாளை அந்தத் திண்ணையில் யாரை உட்கார வைப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. ஆனால் இந்தச் சுயநல வாதத்தை நான் நீட்டப்போவதில்லை. நாளை நமக்கும் வரும் என்பதற்காக மட்டும் இன்று அயலானுக்காகப் பேசுகிறவன், தனக்கு வராது என்று உறுதி கிடைத்தால் வாயை மூடிக்கொள்வான்.

வேதத்தில் இதற்குச் சரியான முகம் சவுலுடையது. கமாலியேலின் பாதத்தருகே கற்றவன். அதே கமாலியேல் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து, இந்த மனிதரை விட்டுவிடுங்கள், அவசரப்படாதீர்கள் என்று தடுத்தவர். ஆசான் நிதானம் சொன்னார். மாணாக்கன் ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்றான். அவன் கையில் கல் இல்லை. கற்றவர்கள் கல் எடுப்பதில்லை, ஆடைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். என் கைகூப்பும் படமும் ஓர் ஆடைக்காவல்தான் என்று இந்த வசனத்தை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் பவுல் கணக்குக் காட்டினார். எருசலேமில் கூட்டத்தார் முன்பும், கொரிந்து சபைக்கு எழுதியபோதும், தீமோத்தேயுவுக்கு எழுதியபோதும் தான் செய்ததைப் பெயர் சொல்லிச் சொன்னார். ஸ்தேவானின் இரத்தம் சிந்தப்பட்டபோது நான் அங்கே நின்றேன் என்றார். கிட்டலை 1945 மே மாதம் பிரெஞ்சுப் படையினர் கைதுசெய்தார்கள். மறு ஆண்டில் அவர் எழுதியது தற்காப்பு அறிக்கை. தான் மிதமான கிறிஸ்தவ நிலையைத்தான் காத்தேன் என்பது அதன் சாரம். 1948-ல் இறந்தார்.

எங்கள் ஊரின் பெருமை எது என்று கேட்டால் சிறுபிள்ளைகூட வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைச் சொல்லும். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலை விதிகள். தலைவர்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். குடத்தில் பெயர் போட நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வரம்பு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். எங்கள் முன்னோர் பெயர் எழுதிய ஓலை ஒன்றும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது என்பதையும் சேர்த்தே நான் அந்தக் கல்லின் முன் நிற்கிறேன். ஆயினும் அதை எழுதியவர்கள் ஒன்றை அறிந்திருந்தார்கள். கற்றவனாயிருந்தாலும், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகக்கூடாது. பிறர் பொருளை அபகரித்தவனும், பஞ்சமாபாதகம் செய்தவனும் ஆகாது. கல்வி ஒரு தகுதிதான். எல்லாக் குற்றத்துக்கும் மன்னிப்புச் சீட்டு அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சபை விளங்கிக்கொண்டதை, அறிஞரென்றால் வாய்பொத்தி நிற்கும் நம் சபைகள் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. ஒருவர் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று வந்துவிட்டால், அவர் பேச்சைக் கேள்வி கேட்பது பரிசுத்த ஆவியானவருக்கு விரோதமான பாவம் என்று நினைக்கிறோம்!

போதகன் அரசியல் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு விடை நீளமாக வேண்டாம். எரேமியாவை ஆண்டவர் அனுப்பிய இடம் ராஜாவின் அரண்மனை. அங்கே சொல்லச் சொன்னது அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கக்கூடாது என்பது.

அதே அதிகாரத்தின் 29-ஆம் வசனத்தை 1938 நவம்பர் 16 அன்று ஒரு கிராமத்துப் போதகர் பிரசங்க வாக்கியமாக எடுத்தார். ஊர் ஓபர்லென்னிங்கன், வூர்ட்டம்பர்க் சபைக்குட்பட்டது, கிட்டல் கற்பித்த ட்யூபிங்கனும் அதே சபையின் எல்லைக்குள்தான். போதகர் பெயர் யூலியஸ் ஃபான் யான். ஒரு வாரத்துக்கு முன் நாடெங்கும் யூத ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டிருந்தன. மனந்திரும்புதலின் நாளென்று சபை குறித்திருந்த அந்த நாளில், எரிக்கப்பட்ட ஆலயங்களையும் இழுத்துச் செல்லப்பட்ட மனிதர்களையும் பற்றி, இது பாவம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து ஒரு கும்பல் வந்து அவரை இரத்தம் வர அடித்தது, பின்பு சிறை, பதினாறு மாதத் தண்டனை. அவர் எழுதிய அகராதி எதுவும் நம் அலமாரியில் இல்லை. கிட்டலுக்குத் தெரியாத எந்தக் கிரேக்கச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எரேமியாவை வாசித்தபோது அந்த வசனம் தன்னிடம்தான் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவே.

அப்படியானால் அந்த அகராதியைத் தூக்கி எறிந்துவிடலாமா? எறியப்போவதில்லை. சொல்லின் பொருள் பார்க்க அது எனக்கு இன்னும் வேண்டும். யூத சமயத்தைப் பற்றி அதில் வரும் இழிவான பார்வைகளை இப்போது கண் திறந்து வாசிக்கிறேன். முதல் தொகுதியின் உள்ளட்டையில், பதிப்பாசிரியர் பெயருக்குக் கீழே, ‘1933 மே, ஜூன்’ என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். எனக்குப் பின் இதை வாங்கும் இளைய ஊழியர் ஏனென்று விசாரிக்கட்டும்.

என் அங்கியைத் தைப்பவர் கடைத்தெருவில் உள்ள ஓர் இஸ்லாமியப் பெரியவர். நான் முதன்முதலாக இவ்வூருக்கு வந்தபோது அளவெடுத்தவர். இப்போது அளவெடுக்காமலே தைக்கிறார், இடுப்புப் பக்கம் மட்டும் சற்று விட்டு. நண்பரின் பதினான்கு பக்கத்தில் இந்த மனிதருக்கு ஓர் அடிக்குறிப்பு இடமும் இல்லை.

நண்பருக்கு நேற்றிரவு எழுதிவிட்டேன். எட்டு வரிகள். அவர் சொல்லிக்கொடுத்த கிரேக்கத்துக்கு நன்றி சொல்லித் தொடங்கினேன். கட்டுரையைக் கூடுகையில் வாசிக்க முடியாது, வேறு யாரேனும் வாசித்தால் எழுந்து மறுப்பேன் என்று முடித்தேன். கிட்டலின் சொற்பொழிவைப் பற்றிப் பேச வரும் செவ்வாய்க்கிழமைக் கூடுகையில் இருபது நிமிடம் கேட்டிருக்கிறேன்; தலைவர் பதினைந்து தந்திருக்கிறார். சபை மக்களில் கேட்க விருப்பமுள்ளவர்களும் வரலாம். காலை பத்தரை மணி, ஆலயத்துக்குப் பின்புறமுள்ள கூடத்தில்.